கொடுத்த வாக்கும் உண்டியல் காசும்

(ராசிங்காபுரத்தில் பெற்றோர், ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சின்னப் பிள்ளைகளுக்குப் பணத்தைப் பற்றி என்ன சொல்லிக்கொடுப்பது, எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதுதான் இன்றைக்கு எடுத்துக்கொண்ட பொருள். இந்தப் பேச்சு வந்தாலே சிக்கனம், பொறுமை, ஆசையை அடக்குதல் என்று பிள்ளைகளுக்கான அறிவுரைகள் வரிசையாக வந்து நிற்கும். அக்டோபர் 30-ஆம் தேதியை உலக சிக்கன நாள் என்று சொல்லிப் பள்ளிகளில் கட்டுரைப் போட்டியும் பேச்சுப் போட்டியும் வைக்கிறோம். 1924-ல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய சேமிப்பு வங்கிகளின் மாநாடு தொடங்கிவைத்த வழக்கம் அது. உலகம் 31-ஆம் தேதி கொண்டாடுவதை இந்தியாவில் ஒரு நாள் முன்னதாகக் கொண்டாடுகிறோம். நல்ல வழக்கம்தான், தொடரட்டும். ஆனால் பிள்ளைக்கு அறிவுரை சொல்வதற்கு முன்னால் பெரியவர்கள் செய்யவேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. பிள்ளையின் காசு பிள்ளையுடையது என்று ஒப்புக்கொள்ளவேண்டும். அதைப் பற்றி நாம் கொடுத்த வாக்கைத் தவறாமல் காப்பாற்றவேண்டும். சேமிக்கும் பழக்கம் அந்த நம்பிக்கையில்தான் வேர்விடுகிறது. நம்பிக்கை இல்லாத வீட்டில் எத்தனை உண்டியல் வாங்கிக் கொடுத்தாலும் பழக்கம் வராது. இதுதான் என் வாதம். இதற்கான சான்றுகளையும், இதன்மேல் எழக்கூடிய ஆட்சேபணைகளையும் உங்கள் முன் வைக்கிறேன்.

முதல் சாட்சி இந்த மண்தான். ராசிங்காபுரம், சிலமலை, தேவாரம் என்று மலையடிவார ஊர்களில் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் புறப்பட்டுவிடுகின்றன. தாய்மார்களும் தகப்பன்மார்களும் மலையேறி, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் நாள் முழுக்கக் குனிந்து காய் எடுத்துவிட்டு இருட்டும் நேரத்தில் வீடு திரும்புகிறார்கள். ஏலச்செடி நட்ட உடனே காய்ப்பதில்லை. மூன்றாவது வருஷம்தான் பலன் தொடங்கும். ஒரு சுற்று காய் எடுத்தால் அடுத்த சுற்றுக்கு ஒரு மாதத்துக்கு மேல் காத்திருக்கவேண்டும். ஐந்தாறு கிலோ பச்சைக்காயை ஸ்டோரில் போட்டு உலர்த்தினால் ஒரு கிலோ ஏலம் கிடைக்கும். இப்படிப்பட்ட தொழிலில் வளர்ந்த ஊருக்குப் பொறுமையைப் பற்றி வெளியிலிருந்து யாரும் வந்து பாடம் நடத்தத் தேவையில்லை. செடியை நம்பலாம் என்பதால் மூன்று வருஷம் காத்திருக்கிறார்கள். விலையை அப்படி நம்ப முடிவதில்லை. 2018-ஆம் ஆண்டு கேரள வெள்ளத்துக்கும் அடுத்த கோடையின் வறட்சிக்கும் பிறகு, 2019 ஆகஸ்டில் இடுக்கி மாவட்டத்துப் புத்தடி ஏலச் சந்தையில் உச்ச விலை கிலோவுக்கு 7,000 ரூபாயைத் தொட்டது. மூன்று ஆண்டுகள் போவதற்குள் விலை 1,000 ரூபாயை ஒட்டி இறங்கிவிட்டது. விலை ஏறியபோது காய் எடுத்தவர்களின் கூலி அந்த அளவுக்கு ஏறவில்லை. விலை இறங்கியபோது வேலை நாள் குறையும் பயம் மட்டும் அவர்களுக்கும் வந்தது.

இதையெல்லாம் வீட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்து பிள்ளை பார்த்துக்கொண்டே இருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் லாட்டரிச் சீட்டு விற்பதும் அதன் கண்ணில் படுகிறது. கேரள அரசு 1967-ல் தொடங்கிய லாட்டரி இன்றும் நடக்கிறது. தமிழ்நாடு 2003-ல் லாட்டரியைத் தடைசெய்துவிட்டது. தினமும் மாநில எல்லையைத் தாண்டிப் போய்வரும் குடும்பத்தில் இந்த இரண்டு நிலைமைகளும் ஒரே வீட்டுக்குள் வந்து சேர்கின்றன. பணம் என்பது உழைப்பின் கணக்கா, அதிர்ஷ்டத்தின் விளையாட்டா என்ற கேள்விக்குப் பிள்ளை தானாகவே ஒரு விடை தேடிக்கொள்கிறது. ஏலக்காய் விலையையோ கேரளத்து லாட்டரியையோ இந்த அரங்கில் இருக்கும் நாம் மாற்ற முடியாது. நம் கையில் இருப்பது ஒன்றுதான். வீட்டுக்குள் பிள்ளை எதை நம்பலாம் என்பதை நாம் தீர்மானிக்கலாம்.

அந்த நம்பிக்கைக்கு எவ்வளவு பலம் என்பதை ஆராய்ச்சியே அளந்து காட்டியிருக்கிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வால்டர் மிஷெல் என்ற உளவியலாளர் 1960-களின் இறுதியிலும் 1970-களின் தொடக்கத்திலும் நடத்திய சோதனையைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். நாலு வயதுப் பிள்ளையின் முன்னால் ஒரு தின்பண்டத்தை வைத்துவிட்டு, நான் திரும்பி வரும்வரை இதைத் தின்னாமல் இருந்தால் இன்னொன்று தருவேன் என்று சொல்லிவிட்டுப் பெரியவர் வெளியே போவார். காத்திருந்த பிள்ளைகள் வளர்ந்த பிறகு படிப்பிலும் மற்றவற்றிலும் மேலாக இருந்தார்கள் என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்லின. அதிலிருந்து, பொறுமை என்பது பிள்ளையின் பிறவிக் குணம், அது இருக்கிற பிள்ளை முன்னேறும், இல்லாத பிள்ளை பின்தங்கும் என்ற எண்ணம் உலகமெங்கும் பரவியது. நம் ஊர்ப் பேச்சில் இதற்குச் சமமான வழக்கும் உண்டு. அந்தப் பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளை, கையில் காசு தங்கும்; இவன் ஓட்டைக்கை என்று ஐந்து வயதிலேயே முத்திரை குத்திவிடுகிறோம்.

இந்த முத்திரை தவறு என்று 2013-ல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் என்பவரும் அவருடன் இருந்தவர்களும் மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள 28 பிள்ளைகளை இரண்டு பாதியாகப் பிரித்தார்கள். தின்பண்டச் சோதனைக்கு முன்பாகப் படம் வரைய உட்காரவைத்து, கொஞ்சம் பொறு, இதைவிட நல்ல வண்ணக் குச்சிகள் கொண்டுவருகிறேன் என்றார் பெரியவர். பிறகு ஸ்டிக்கர் விஷயத்திலும் அதே வாக்குக் கொடுத்தார். ஒரு பாதிக்குச் சொன்னபடி கொண்டுவந்து கொடுத்தார். மறு பாதியிடம் வெறுங்கையோடு வந்து, மன்னித்துக்கொள், இல்லையாம் என்றார். அதற்குப் பிறகுதான் தின்பண்டம். வாக்குக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்த பிள்ளைகள் மூன்று நிமிடத்தில் எடுத்துத் தின்றுவிட்டார்கள். சோதனை நீடித்த பதினைந்து நிமிடமும் முழுதாகப் பொறுத்தவர்கள் முதல் கூட்டத்தில் 14 பேரில் 9 பேர். இரண்டாம் கூட்டத்தில் 14 பேரில் ஒரே ஒரு பிள்ளை. 28 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனால் சொன்ன சொல்லை இரண்டு முறை தவறியதற்கே இத்தனை வித்தியாசம் வந்தது. ஏமாந்த பிள்ளை உடனே தின்றது அதன் புத்திசாலித்தனம். வராத ஒன்றுக்காகக் கையில் இருப்பதை யார் விடுவார்கள்? 2018-ல் டைலர் வாட்ஸ் குழுவினர் 900-க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் தகவல்களை வைத்துப் பழைய முடிவைச் சரிபார்த்தார்கள். காத்திருப்பதற்கும் பிற்காலப் படிப்புக்கும் இருந்த தொடர்பு முன்பு சொன்னதில் பாதிதான் இருந்தது. குடும்பச் சூழலையும் பிள்ளையின் இளவயதுத் திறன்களையும் கணக்கில் சேர்த்தபோது அதிலும் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டது. பிள்ளையின் பொறுமை என்று நாம் நினைத்ததில் பெரும்பகுதி அது வளர்ந்த வீட்டின் நிலைமைதான்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். காதுகுத்துக்கோ பொங்கலுக்கோ வந்த மாமா, புறப்படும்போது பிள்ளையின் கையில் ஒரு நூறு ரூபாய் நோட்டைத் திணிக்கிறார். ஜீப் தெருமுனை திரும்புவதற்குள், கொடுடா கண்ணு, தொலைச்சிருவ, அம்மா பத்திரமா வச்சிருக்கேன் என்று அந்த நோட்டு கைமாறுகிறது. பிள்ளையும் கொடுத்துவிடுகிறது. அந்த நூறு ரூபாய் அதற்குப் பிறகு என்ன ஆனது? அரிசிக்கோ பால்காரருக்கோ குழுக்கடன் தவணைக்கோ போயிருக்கும். நியாயமான செலவாகவே இருக்கும். ஆனால் பிள்ளைக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பத்திரமாக வைப்பது என்றால் காசு திரும்பி வராது. மண் உண்டியலும் இப்படித்தான். ஐந்தும் பத்துமாகப் பிள்ளை போட்டதை அவசரத்துக்கு ஒருநாள் உடைக்கிறோம். அடுத்த வாரம் போட்டுவிடுகிறேன் என்கிறோம். அடுத்த வாரத்தை நாம் மறக்கிறோம், பிள்ளை மறப்பதில்லை. அடுத்த தடவை கையில் காசு வந்ததும் அது பெட்டிக்கடைக்கு ஓடுகிறது. ரோசெஸ்டரில் அந்தப் பிள்ளைகள் மூன்று நிமிடத்தில் செய்ததைத்தான் அதுவும் செய்கிறது.

குடும்பம் என்பது ஒன்று, அதற்குள் உன் காசு, என் காசு என்று பிரித்துப் பேசுவது நம் வழக்கமா என்று சிலர் கேட்கலாம். மதிக்கவேண்டிய கேள்வி இது. ஆனால் நம் வழக்கத்திலேயே இதற்குப் பதில் இருக்கிறது. மதுரை, தேனிப் பக்கத்தில் மொய் நோட்டு இல்லாத வீடு உண்டா? இருபது வருஷத்துக்கு முன்னால் எந்த விசேஷத்தில் யார் எவ்வளவு செய்தார்கள் என்று பேரும் ஊரும் போட்டு எழுதி, பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறோம். அவர்கள் வீட்டு விசேஷம் வந்தால் நோட்டைப் பார்த்து, வாங்கியதைவிடக் கொஞ்சம் கூட்டியே திருப்பிச் செய்கிறோம். அந்தக் கணக்கால் உறவு முறிந்ததில்லை. கணக்கை மறந்த இடத்தில்தான் மனத்தாங்கல் வருகிறது. சொந்தக்காரர்களிடம் இத்தனை ஒழுங்காக இருக்கிற நாம், சொந்தப் பிள்ளைக்கு ஒரு பக்கம் ஒதுக்குவது முடியாத காரியமா? அதே நோட்டில் கடைசிப் பக்கத்தில் பிள்ளையின் பேரை எழுதுங்கள். தேதி, கொடுத்தவர், தொகை. வீட்டுச் செலவுக்கு எடுத்தால் பிள்ளையிடம் கேட்டு எடுங்கள். எடுத்ததையும் திருப்பித் தரும் நாளையும் எழுதுங்கள். அந்த நாளில் கொடுக்க முடியவில்லை என்றால் முந்தின நாளே சொல்லி, வேறு நாள் குறியுங்கள். கடன் என்றால் என்ன, தவணை என்றால் என்ன, வாக்கு என்றால் என்ன என்ற மூன்று பாடமும் அந்த ஒரு பக்கத்தில் அடங்கிவிடும்.

பிள்ளை கையில் உரிமையைக் கொடுத்தால் தாறுமாறாகச் செலவழித்துவிடும் என்ற பயம் அடுத்து வரும். இந்தப் பயத்தைச் சோதித்துப் பார்த்த ஆய்வும் உண்டு. கிழக்கு ஆப்பிரிக்காவின் உகாண்டாவில் டீன் கார்லன், லீ லிண்டன் என்ற இரு பொருளியலாளர்கள் 136 தொடக்கப்பள்ளிகளில் மாணவர் சேமிப்புத் திட்டம் ஒன்றை ஆராய்ந்தார்கள். சில பள்ளிகளில், சேமித்த காசைப் பருவ முடிவில் ரொக்கமாகப் பிள்ளை கையிலேயே கொடுத்தார்கள். வேறு சில பள்ளிகளில், நோட்டு, பேனா போன்ற பள்ளிச் சாமான்கள் மட்டுமே வாங்கக்கூடிய சீட்டாகக் கொடுத்தார்கள். கட்டுப்பாடு உள்ள திட்டத்தில்தான் சேமிப்பு கூடும் என்று நாம் நினைப்போம். நடந்தது நேர்மாறு. ரொக்கமாகத் திரும்பக் கிடைக்கும் என்றிருந்த பள்ளிகளில்தான் பிள்ளைகள் அதிகம் சேமித்தார்கள். பெற்றோரையும் சேர்த்துப் பேசிய இடங்களில் அந்தக் காசு பள்ளிச் சாமான்களுக்கே செலவானது. தேர்வு மதிப்பெண்ணும் கொஞ்சம் உயர்ந்தது. பிள்ளைக்கு உரிமை வேண்டும், பெற்றோர் கூட நிற்கவும் வேண்டும் என்பதே இதன் பாடம். எட்டு வயதில் பத்து ரூபாயைத் தண்டமாகச் செலவழித்து, வாங்கிய விளையாட்டுச் சாமான் மறுநாளே உடைந்துபோவதைப் பார்த்து வருந்துவது மலிவான படிப்பு. இருபத்தெட்டு வயதில் அதே படிப்புக்கு நகையும் நிலமும் கட்டணமாகப் போய்விடும்.

எல்லாவற்றிலும் கனமான ஆட்சேபணைக்கு இப்போது வருகிறேன். கூலி வேலை செய்யும் வீட்டில் மிச்சம் எங்கே இருக்கிறது? இல்லாதவர்களிடம் போய்ச் சேமிப்பைப் பேசுவது, வறுமைக்கு அவர்கள் செலவாளித்தனமே காரணம் என்று குற்றம் சுமத்துவதாகாதா? இந்தக் கோபம் நியாயமானது. தமிழ்நாட்டிலேயே நடந்த ஓர் ஆய்வும் இதற்குத் துணை நிற்கிறது. விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கரும்பு விவசாயிகள் 464 பேரை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்த ஆய்வு 2013-ல் வெளியானது. அதே மனிதர், கையில் காசு இல்லாத அறுவடைக்கு முந்தைய நாட்களில் புத்திக்கூர்மைச் சோதனைகளில் குறைவாகச் செய்தார். அறுவடைக்குப் பிறகு மேலாகச் செய்தார். பணமுடை மனத்தின் இடத்தை அடைத்துக்கொள்கிறது. மூளையில் குறை எதுவும் இல்லை. ஆகவே பிள்ளைக்குச் சேமிப்பு சொல்லிக்கொடுத்தால் வறுமை தீர்ந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். கூலி உயரவேண்டும், தோட்டத்தில் வேலை நாள் கூடவேண்டும், நியாயமான வட்டிக்குக் கடன் கிடைக்கவேண்டும். அவற்றுக்கான குரல் தனியாக ஒலிக்கவேண்டும். ஆனால் மிச்சம் குறைந்த வீட்டில்தான் வாக்கின் மதிப்பு கூடுகிறது. தொகை பெரிதாக இருந்தால் ஒரு தவறு தாங்கும், சிறிதாக இருந்தால் தாங்காது. மதுரை பக்கத்துப் புல்லுச்சேரியின் சின்னப்பிள்ளை அம்மாளை நினைத்துப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாத விவசாயக் கூலித் தொழிலாளி. களஞ்சியம் என்ற பெண்கள் சேமிப்புக் குழுக்களில் தன்னைப் போன்ற பெண்களைத் திரட்டினார். 2001-ல் ஸ்திரீ சக்தி விருது வழங்கும்போது பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-ல் பத்மஸ்ரீயும் வந்தது. அந்தக் குழுக்களில் சேர்ந்த பெண்கள் எவரும் வசதியானவர்கள் இல்லை. எல்லோர் முன்னாலும் கட்டி, எல்லோர் முன்னாலும் எழுதி, கேட்ட நாளில் கிடைத்ததால்தான் கூலியிலிருந்து பத்தும் இருபதும் எடுத்துவைத்தார்கள். பெரியவர்களைச் சேமிக்கவைத்ததும் நம்பிக்கைதான். பிள்ளைகளுக்கு மட்டும் வேறு சட்டம் எப்படி இருக்கும்?

இன்னோர் ஆட்சேபணை உண்டு. அதை ஆசிரியர்கள் கட்டாயம் கவனிக்கவேண்டும். சின்ன வயதிலேயே காசைக் காட்டினால் காசாசை வந்து, படிப்பை விட்டு வேலைக்குப் போய்விடாதா? ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் 135 பள்ளிகளில் நடந்த ஆய்வு இதைப் பேசுகிறது. அங்கே சில பள்ளிகளில் மும்பையில் ஜெரூ பில்லிமோரியா தொடங்கிய முயற்சியிலிருந்து வளர்ந்த அஃப்லாதூன் திட்டம் நடந்தது. அதில் சேமிப்போடு குழந்தையின் உரிமை, கடமை, மற்றவர்மீது அக்கறை எல்லாம் பாடமாக இருந்தன. வேறு பள்ளிகளில் பணப் பாடம் மட்டும் நடந்தது. இரண்டிலும் பள்ளியில் போடும் சேமிப்பு கூடியது. ஆனால் பிள்ளைகளின் மொத்தச் சேமிப்பு கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை. பணப் பாடம் மட்டும் படித்த பிள்ளைகள் கூலி வேலைக்குப் போவது கொஞ்சம் அதிகரித்ததற்கான அறிகுறியும் தென்பட்டது. பள்ளி விடுமுறை விட்டால் ஏலத்தோட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற நமக்கு இது எச்சரிக்கை மணி. சேமிப்பில் யார் முதலிடம் என்று வகுப்பில் போட்டி வைக்காதீர்கள். தொகையைக் கரும்பலகையில் எழுதாதீர்கள். அதிகம் போடவேண்டும் என்ற வெறி, காசு சம்பாதிக்கும் வழியைத் தேடவைக்கும். இல்லாத பிள்ளையைக் கூனிக் குறுகவைக்கும். 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம் என்பதையும் அதே வகுப்பில் சொல்லுங்கள். வீட்டு வேலைக்கெல்லாம் பிள்ளைக்குக் கூலி பேசுவதும் வேண்டாம். தண்ணீர் எடுத்துவைப்பதும் தம்பியைப் பார்த்துக்கொள்வதும் குடும்பத்தில் அவரவர் பங்கு. கைச்செலவுக்குக் கொடுக்கும் காசு தனி.

நம் பள்ளிகளில் சஞ்சாயிகா என்ற சிறுசேமிப்புத் திட்டம் இருந்தது பலருக்கு நினைவிருக்கும். பிள்ளைகள் கொண்டுவரும் சில்லறையை ஆசிரியர் வாங்கி, அட்டையில் வரவு வைப்பார். எழுதிக் கொடுப்பது, கேட்டால் திரும்பக் கிடைப்பது என்ற இரண்டும்தான் அந்தத் திட்டத்தின் உயிர். இன்றைக்கு வாசல் இன்னும் அகலமாகத் திறந்திருக்கிறது. 10 வயது ஆன பிள்ளை அஞ்சலகத்தில் தன் பேரில் கணக்குத் தொடங்கித் தானே கையெழுத்துப் போட்டுப் பணம் எடுக்கலாம். வங்கிகளிலும் அந்த வயதுப் பிள்ளைகள் தாங்களே கணக்கை நடத்த அனுமதிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2025-ல் மீண்டும் தெளிவுபடுத்தியிருக்கிறது. பெண் பிள்ளைக்கு 10 வயதாவதற்குள் செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில் சேர்த்து, ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய் கட்டி வருகிறவர்கள் இங்கே இருப்பீர்கள். அந்தப் பாஸ்புத்தகத்தை வருஷத்துக்கு ஒரு முறையாவது மகள் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அவள் பேரில் இருக்கிற பணத்தை அவள் அறியாமல் வளர்ப்பது பாதி வேலைதான்.

சின்னப் பிள்ளைக்குத் தொலைதூர லட்சியம் வேண்டாம். ஐந்தாறு வயதில், இருக்கிற பத்து ரூபாய்க்கு இதுவா அதுவா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கவிடுங்கள். தேர்ந்தெடுத்த பிறகு இரண்டையும் வாங்கிக் கொடுத்துப் பாடத்தைக் கெடுக்காதீர்கள். ஏழெட்டு வயதில் ஒரு நாளைக் குறித்துச் சேமிக்கவிடுங்கள். சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா வருகிறது. ராட்டினத்துக்கும் பொம்மைக்கும் எவ்வளவு வேண்டும் என்று தை மாதமே கணக்குப் போட்டு, வாரம் ஐந்து ரூபாய் வீதம் எடுத்துவைக்கட்டும். திருவிழா அன்று அந்தக் காசு முழுவதையும் அதன் கையிலேயே கொடுத்துவிடுங்கள். கடையில் போனைக் காட்டிப் பணம் கட்டும் காலம் இது. காசு கைமாறுவதே பிள்ளையின் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே எவ்வளவு இருந்தது, எவ்வளவு போனது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வீட்டுக் கடன் பாரத்தை முழுதாக அதன் தலையில் இறக்கவேண்டாம். இந்த மாதம் கை இறுக்கம், அடுத்த சுற்று காய் எடுப்பு வந்ததும் பார்க்கலாம் என்ற உண்மையை அதற்குப் புரிகிற அளவில் சொன்னால் போதும். பொய்யான வாக்குறுதியைவிட நேரான மறுப்பைப் பிள்ளை நன்றாகவே தாங்கிக்கொள்ளும்.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு, 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவர்களுடைய வங்கிக் கணக்கிலேயே வருகிறது. மாணவர்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்திருக்கிறது. இன்றைக்கு இரண்டாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை இன்னும் பத்துப் பதினோரு வருஷத்தில் தன் பேரில் வரும் பணத்தைத் தானே ஆளவேண்டும். கடன் கொடுக்கக் காத்திருக்கும் ஆப்களும், இரட்டிப்பாக்கித் தருகிறேன் என்கிற ஏமாற்றுக்காரர்களும் அப்போது அதன் போனுக்குள்ளேயே இருப்பார்கள். யாருடைய வாக்கை நம்பலாம், எதை எழுதி வாங்கவேண்டும், எப்போது முடியாது என்று சொல்லவேண்டும் என்பதை அந்தப் பிள்ளை முதலில் வீட்டில்தான் கற்கவேண்டும். ஆகவே பெற்றோரிடம் ஒன்றும் ஆசிரியர்களிடம் ஒன்றும் வேண்டிக்கொள்கிறேன். பெற்றோர்களே, உங்கள் பிள்ளையிடம் வாங்கி வைத்த காசு எவ்வளவு என்று நினைவுபடுத்தி எழுதுங்கள். திருப்பித் தரும் நாளைப் பிள்ளையிடம் சொல்லி, அந்த நாளில் கொடுத்துவிடுங்கள். ஆசிரியர்களே, வருகிற சிக்கன நாளில் கட்டுரைப் போட்டியோடு நிறுத்திக்கொள்ளாமல், 10 வயது நிறைந்த பிள்ளைகளைப் பெற்றோருடன் அஞ்சலகத்துக்கு அழைத்துப்போய்க் கணக்குத் தொடங்கவையுங்கள். பெரிய செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல இவை. சொன்ன சொல்லைக் காப்பாற்றும் மனம் இருந்தால் ராசிங்காபுரத்தில் எந்த வீட்டிலும் நடக்கும்.